உயிர்மெய் வண்டி: கேமரன் மலையில் எஞ்சின் பூட்டிய சைக்கிள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சைக்கிளுக்கு எஞ்சின் பூட்டினால் அது சைக்கிளா, மோட்டார் சைக்கிளா? தோட்டத்து லயங்களில் இக்கேள்வி பலமுறை விவாதத்துக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சாப்பாட்டு நேரம் குறுக்கிட்டதால் முடிவு காணப்படவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது. ஆய்வுக் களம்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம். ஆய்வுப் பொருள்: என் சித்தப்பாவின் சைக்கிள். ஆய்வு முறை: அவர் ஓட்டுவார், நான் பின்னால் நடந்து வருவேன். பல தடவை நானே முன்னால் போய்ச் சேர்ந்தேன் என்பதும் தரவாகவே கொள்ளப்பட்டது.

1. களமும் காலமும்

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் பிரிட்டிஷ் நில அளவையாளர் இன்றைய மலேசியாவின் பகாங் மாநில மலைகளுக்குள் புகுந்து இந்த மேட்டுநிலத்தைக் குறித்துக்கொண்டார். அதே 1885இல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பூட்டி உலகின் முதல் பெட்ரோல் இருசக்கர வண்டியைச் செய்தனர். அதன் திறன் அரைக் குதிரை. கீழே விழாதிருக்கப் பக்கத்துக்கொரு குட்டிச் சக்கரமும் வைத்திருந்தார்கள். மலையும் வண்டியும் ஒரே ஆண்டில் பதிவானதைத் தற்செயல் என்று தள்ளுவோருக்கு ஆய்வு மனப்பான்மை போதாது.

ஆனால் இரண்டும் சந்திக்க வெகுகாலம் ஆயிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்ச் சாலையும் அக்காலத்தில்தான் போடப்பட்டது. தேயிலை நட்ட தமிழர்களுக்கு எஞ்சின் என்பது பிறர் பொருள். லோரியில் இருந்தது, ஆலையில் இருந்தது, துரையின் காரில் இருந்தது. கூடை சுமந்தவர் முதுகில் மட்டும் எஞ்சின் இல்லை. பிற்காலத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் வந்தது. இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிரையின் மேல் நகர்த்திச் செல்வது. என் சித்தப்பா அந்த மெஷின் பிடித்தவர். இன்று அந்த வேலையில் பெரும்பாலும் வங்காளதேசத்துப் பிள்ளைகள். கையில் அதிர்ந்த அதன் சின்ன எஞ்சினைக் காலுக்கடியில் வைத்துப் பார்க்கும் ஆசை சித்தப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதில் சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

2. முன்னோர் முயற்சிகள்

இத்துறையின் தலைமகன் ஜப்பானின் சோயிச்சிரோ ஹோண்டா. போர் முடிந்த மறு ஆண்டான 1946இல், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த சின்ன எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். எண்ணெய்த் தொட்டிக்கு முதலில் அவருக்குக் கிடைத்தது, குளிருக்குக் கால்மாட்டில் வைக்கும் வெந்நீர்க் குடுவை. கேமரன் மலையில் குளிருக்குப் பஞ்சமில்லை. வெந்நீர்க் குடுவையும் எங்கள் வீட்டில் உண்டு. சித்தி அதை அலமாரியில் வைத்துப் பூட்டியதால் ஹோண்டாவின் சோதனையை அப்படியே திரும்பச் செய்து பார்க்க இயலவில்லை.

இத்தாலியில் டுகாட்டி நிறுவனம் ‘குச்சோலோ’ என்ற பெயரில் சைக்கிளுக்கான எஞ்சினை விற்றது. பெயரின் பொருள் நாய்க்குட்டி. பிரான்சின் சோலெக்ஸ் எஞ்சினை முன்சக்கரத்தின் தலையில் உட்கார வைத்தது. திருப்பதியில் சுவேகா பிறந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 புறப்பட்டு, இரண்டு பேர் ஏறலாம் என்று அறிவித்தது. மூன்று பேரும் இரண்டு அரிசி மூட்டையும் ஏறலாம் என்பதைத் தமிழ்நாடு தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

மலேசியாவில் இவை எல்லாவற்றையும் விழுங்கிய பெயர் ‘கப்சாய்’. ஹோண்டா ‘கப்’ வண்டியோடு, குட்டி எனப் பொருள்படும் சீனச் சொல் ‘சாய்’ சேர்ந்தது என்பர் அறிஞர். கப்பில் ஊற்றிய சாயாவே கப்சாய் என்றும், ஆகவே அது தேயிலைத் தோட்டத்தில் பிறந்த சொல் என்றும் சித்தப்பா வாதிடுகிறார். வளைவில் சாய்வதால் சாய் என்பது லயத்தின் மூன்றாம் வீட்டுக்காரர் கட்சி. மூவரும் தத்தம் நிலையில் உறுதியாக இருப்பதால் ஆய்வு அடுத்த இயலுக்கு நகர்கிறது.

3. இலக்கண இயல்

எஞ்சின் பூட்டிய சைக்கிளின் இயல்பை எந்தப் பொறியியல் நூலை விடவும் தமிழ் இலக்கணமே நன்கு விளக்குகிறது. சைக்கிள் மெய். எஞ்சின் உயிர். இரண்டும் கூடியது உயிர்மெய்.

சான்று ஒன்று: மெய்க்கு மாத்திரை அரை, உயிரில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. கூடிய பின் மெய்யின் அரை தனியே எண்ணப்படுவதில்லை. உயிரின் அளவே உயிர்மெய்யின் அளவு. அதுபோல, எஞ்சின் பூட்டிய பிறகு காலின் உழைப்பு கணக்கில் வருவதில்லை. மேட்டில் பாதி தூரத்தைச் சித்தப்பா மிதித்தே ஏறினாலும், வீட்டுக்கு வந்து “எஞ்சின் இழுத்துட்டு வந்துச்சு” என்றே சொல்வார்.

சான்று இரண்டு: உயிர்மெய்யில் மெய் முன்னே ஒலிக்கும், உயிர் பின்னே வரும். இவ்வண்டிக்கு உதைக்கும் கட்டையும் இல்லை, பொத்தானும் இல்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். முதலில் ‘க், க், க்’ என்று வெறும் மெய் ஒலிக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ‘கா’ என்று நெடில் பிறக்கும். மழைநாளில் மெய் மட்டுமே ஒலித்துக்கொண்டிருக்கும்.

4. பூட்டு படலம்

எஞ்சின் ஒரு பெட்டியில் வந்தது. சட்டத்தின் முக்கோணத்துக்குள் அதை உட்கார வைத்துக் கவ்வியால் இறுக்க வேண்டும். இடப்பக்கம் தனியொரு செயின். பின்சக்கரத்தில் 44 பல் கொண்ட பல்சக்கரத்தை, ரப்பர் வளையங்களுக்கு நடுவே கம்பிகளைக் கொடுத்து, 9 போல்ட்டுகளால் முறுக்க வேண்டும். இங்கேதான் கணிதம் குறுக்கே நின்றது. அந்த 9 போல்ட்டுகள் 36 கம்பிச் சக்கரத்துக்கு அளவெடுத்தவை; நாலு கம்பிக்கு ஒரு போல்ட். தாத்தா விட்டுச்சென்ற கறுப்புச் சைக்கிளோ பழைய ஆங்கில முறைப்படி முன்னே 32, பின்னே 40 கம்பி கொண்டது. நாற்பதை ஒன்பதால் வகுத்தால் மீதி நாலு. அந்த மீதியைச் சரிக்கட்ட சித்தப்பா ஒரு வாரம் முயன்றார். எட்டாம் நாள் பசாருக்குப் போய் 36 கம்பிச் சக்கரம் வாங்கி வந்தார்.

பல்சக்கரம் ஒரு நூல் கோணினாலும் செயின் கழலும். கழன்ற செயின் கம்பிக்குள் நுழைந்தால் ஓட்டியவர் வேலிக்குள் நுழைவார். அதிர்வில் மரைகள் தாமாகவே கழல்வதால், ஞாயிறுதோறும் ஸ்பேனரோடு வண்டியை வலம் வருவது சடங்காயிற்று. மரையில் சித்தியின் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் பிடிமானம் நிற்கும் என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு. அதற்கான ஒப்புதல் உரியவரிடம் பின்னரே பெறப்பட்டது.

எரிபொருள் பற்றி ஒரு சொல்லாராய்ச்சி. இங்கே பெட்ரோலுக்கு எண்ணெய் என்று பெயர். எஞ்சின் இரட்டை வீச்சு வகையாதலால் பெட்ரோலிலேயே ஆயிலையும் கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 40 மில்லி. புது எஞ்சினுக்கு 60 மில்லி. எனவே செய்முறை: எண்ணெயில் எண்ணெய் ஊற்றுக. அளவைக் கருவி: இருமல் மருந்து மூடி. அடுத்த இருமலின்போது அம்மூடி தேடப்பட்டது பற்றிய விவரம் இங்கே தேவையில்லை.

5. கழிவுக் கணக்கு

பெட்டியின் மேல் 80 சிசி என்று அச்சிட்டிருந்தது. உருளையின் விட்டம் 47 மில்லிமீட்டர், வீச்சு 38. பெருக்கிப் பார்த்தால் 66 சிசிதான் வருகிறது. மீதி 14 எங்கே? இக்கேள்வி வெளியார்க்கு வியப்பாக இருக்கலாம். கொழுந்து நிறுத்தவர்களுக்கு இல்லை. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு எழுதுவதுதானே எடை.

கழிவு அதோடு நிற்கவில்லை. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் அங்கே தேநீர்த் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எஞ்சினுக்கும் அதே குறை. மூச்சுக்கு மூச்சு ஆறில் ஒன்று போனால், 66 சிசி 55 போலத்தான் உழைக்கும். பெட்டியில் 80, கணக்கில் 66, மலையில் 55. பிடித்தம் போகக் கைக்கு வந்த சம்பளம் என்று சித்தப்பா அதை ஏற்றுக்கொண்டார்.

காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாததால் பிளக் கரி பிடித்தது. கார்பரேட்டர் ஊசியின் கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றி, ஊசியைக் கீழே இறக்கி, பெட்ரோலைக் குறைத்தோம். மூடுபனியில் நனைந்த பிளக்கைத் தோசைக்கல்லின் ஓரத்தில் காய வைத்தோம். அன்றைய தோசை பற்றிக் கருத்துக் கூற வீட்டார் மறுத்துவிட்டனர்.

6. ஏறு படலம், இறங்கு படலம்

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 18 சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுக்கொரு வெடி. கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8,700 வெடிகள். பத்தாயிரம் வாலா சரவெடி தீருமுன் வண்டி ஒன்றேகால் கிலோமீட்டர்கூடப் போயிராது. பக்கத்து லயத்தார் இக்கணக்கை எங்களுக்கு முன்பே வேறு மொழியில் தெரிவித்திருந்தனர்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை, ஆளும் வண்டியுமாக 100 கிலோவை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? எதையும் வீணாக்காத எஞ்சின் ஒன்று இருந்தால் 43 மில்லி. அரை டம்ளருக்கும் குறைவு. இந்த எஞ்சினோ குடிப்பதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் மூன்றாம் வீட்டுக்காரரின் தூக்கக் கெடுதலாகவும் மாற்றிவிடும். இச்சோதனை தாளில் மட்டுமே நடந்தது. எஞ்சின் பூட்டிய சைக்கிளும் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம்தான். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பதிவு எண், சாலை வரி, காப்புறுதி, உரிமம் எல்லாம் வேண்டும். ஆகவே சித்தப்பாவின் உலகம் தோட்டத்து மண் ரோட்டோடு முடிந்தது.

ஏறுவதில் ஆபத்தில்லை, நின்றுவிடும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில். இறங்கும்போது முறுக்கை மூடிவிடுகிறோம். பெட்ரோல் போவது ஏறக்குறைய நிற்கிறது. ஆயில் அந்தப் பெட்ரோலில்தானே கலந்திருக்கிறது? அதுவும் நிற்கிறது. ஆனால் சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயில் இன்றிச் சுற்றும் பிஸ்டன் சூடேறி உருளையோடு ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்கக் கிளட்சைப் பிடிக்கலாம். பிடித்தால் எஞ்சினின் தடை போய்விடும். மிச்சம் இரண்டு பிரேக் கட்டைகள், அவையும் மழையில் நனைந்தவை. சுருங்கச் சொன்னால், கிளட்சைப் பிடித்தால் எஞ்சின் பிழைக்கும், விட்டால் ஆள் பிழைப்பார். இவ்விரண்டில் எதைக் கொள்வது என்பதில் உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. சித்தி ஒரு பக்கம், சித்தப்பா மறுபக்கம்.

இரண்டாம் மழைக்காலத்தில், ஆலைக்கு இறங்கும் வளைவில், சித்தப்பா சித்தியின் கட்சிக்கு மாறினார். கிளட்சை விட்டார். ஆள் பிழைத்தார். ‘கா’ என்ற நெடில் ‘க்’ என்று நின்றது.

7. முடிவுரை

தொடக்கக் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஒரு வண்டி எதுவென்பது அது ஓடும்போது தெரியாது. நின்ற பிறகே தெரியும். எஞ்சின் போன மோட்டார் சைக்கிளைப் போமன் (மெக்கானிக்) கடைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சித்தப்பா அந்த வளைவிலேயே பாக்கெட் ஸ்பேனரால் எஞ்சின் செயினைக் கழற்றிக் கூடையில் போட்டார். சீட்டில் ஏறி மிதித்தார். வீட்டுக்கு வந்தார். உயிர் போனபின் மெய் தானே நடந்து வீடு திரும்புவது உலகில் இந்த ஒரு வகைக்குத்தான் வாய்த்திருக்கிறது. ஆகவே அது சைக்கிள்.

மறுநாள் காலை அதே சைக்கிளில் கீரைக்கட்டு வந்து இறங்கியது. “இப்பதான் வண்டி ஒழுங்கா ஓடுது” என்றார் சித்தி. சித்தப்பா மறுப்பு எதுவும் பதிவு செய்யவில்லை. எஞ்சின் இப்போது சாக்குப் பையில், கொல்லைப்புற அலமாரிக்கடியில் இருக்கிறது. ஆயில் மட்டும் மாதம் ஒருமுறை விடப்படுகிறது.

உயிர் நீங்கிய மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது இலக்கணம். தாத்தாவின் கறுப்புச் சட்டத்தில், கவ்வி இறுகியிருந்த இடத்தில், பெயின்ட் உரிந்து ஐந்து காசு அளவில் ஒரு வட்ட வடு இருக்கிறது. கடந்த தீபாவளிக்குச் சைக்கிள் முழுவதற்கும் புதுப் பெயின்ட் அடித்த சித்தப்பா அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்தார்.