போச்சம்பள்ளிப் பொன்வண்டி

ஓலா மின்சார ஸ்கூட்டரே, உன் புகழைப் பாட மொரப்பூர்க்காரர்களை விட உரிமை யாருக்கு உண்டு? நீ பிறந்தது பக்கத்து மாவட்டத்துப் போச்சம்பள்ளியில். 2,400 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை என்று 2020 டிசம்பரில் ஓலா நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி என்பது நிறுவனம் சொன்ன இலக்கு. அங்கே வரிசையில் நின்று உன்னைப் பூட்டும் பெண்கள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன்னைச் சந்தைக்கு அனுப்பிய அவசரம் அவர்களுடையதல்ல.

பெட்ரோல் வண்டிக்காரன் தனியாகப் போய்த் தனியாக வருகிறான். உன்னை வாங்கியவனுக்கோ ஊரே துணை. நடுரோட்டில் நீ தியானத்தில் அமர்ந்ததும் நான்கு பேர் ஓடி வருகிறார்கள். உன்னைக் குட்டியானையில் ஏற்றி, சீட்டுக்கடியில் கோணிச் சாக்கை மடித்து வைத்து, முன்சக்கரத்தில் கயிறு கட்டி வழியனுப்புகிறார்கள். எந்த வண்டியையும் பிரித்து மேயும் நம்மூர் மெக்கானிக்கும் உன்னிடம் பணிந்து போகிறார். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுகிறார், சீல் வைத்த பெட்டியைப் பார்க்கிறார், மூடியைத் திரும்பப் போட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார். சாஃப்ட்வேரை ஸ்பேனரால் திருக முடியாதே!

உனக்குக் கிடைத்த மரியாதை எந்த வாகனத்துக்குக் கிடைத்தது? 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் பரளியில் ஒருவர் உன்னைக் கழுதையில் பூட்டி ஊர்வலம் விட்டார். அதே மாதம் ஆம்பூரில் ஒரு மருத்துவர், பெட்ரோலே வேண்டாம் என்று வந்த உன்மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். முந்தின மாதம் புனேயில் நீ எவர் உதவியும் இல்லாமல் தானே எரிந்தாய். உன் நிறுவனம் அக்கறையோடு 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. முன்சக்கர ஃபோர்க் முறிகிறது என்று கூச்சல் எழுந்தபோது, பயம் ஆதாரமற்றது என்று சொன்ன அதே வாயால் 2023 மார்ச்சில் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. பழுதே இல்லாததை மாற்றித் தரும் வள்ளல்தனம் கர்ணனுக்கும் வராது.

ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு உன்னைப் பற்றி 10,644 புகார்கள் போயின. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்று பதில் வந்தது. அப்படியானால் சர்வீஸ் சென்டர் வாசலில் தூசி படிந்து நிற்பவை எல்லாம் ஓய்வெடுக்கின்றன போலும். கடன் தவணை மட்டும் ஒரு மாதமும் ஓய்வெடுப்பதில்லை.

வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு வாங்காமல் வண்டியை விட்டு வராதீர்கள். வண்டியைக் கொடுத்த தேதியையும் சொன்ன பழுதையும் அதில் எழுதி வாங்குங்கள். சொன்ன தேதியில் வண்டி திரும்பக் கிடைக்கவில்லை என்றால் நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.