பரிதாபாத்துக்குப் போற பேரனுக்கு

ஏய்யா, ஆர்டர் வந்துருச்சாமே! பரிதாபாத்துல, பூச்சிமருந்துக்குப் பதிவு கொடுக்கிற ஆபீசாம்லா. உங்க ஆச்சி தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துக்கிட்டு அலையுதா. நான் அப்படியெல்லாம் ஆட மாட்டேன். ஆயுசுல பாதியைத் தலையாரியாக் கழிச்சவன். சர்க்கார் ஃபைல் எப்படித் தூங்கும், எந்தப் பக்கம் புரண்டு படுக்கும், யாரு தட்டினா முழிக்கும்னு எனக்குத் தெரியும். அதனால நாலு வார்த்தை சொல்லுதேன். இந்தா, இந்தக் கட்டில்ல உக்காரு.

போனதும் அவசரப்படாதே. உன் சட்டத்துக்கே அவசரம் கிடையாது. 1958-ல கேரளாவுலயும் நம்ம மதராஸ் ராஜ்யத்துலயும் கோதுமை மாவு தின்ன ஜனங்க நூத்துக்கும் மேல செத்துப் போனாங்க. மாவு வந்த கப்பல்லயே பாலிடால்ங்கிற பூச்சிமருந்தும் வந்துருக்கு, ஒழுகி மூட்டையில இறங்கிருச்சு. ஜே.சி.ஷான்னு ஒரு ஜட்ஜ் தலைமையில கமிஷன் போட்டாங்க. சட்டம் எப்ப வந்தது? 1968-ல. அதை எப்படி நடத்துறதுன்னு விதி எப்ப வந்தது? 1971-ல. அந்தச் சட்டத்தை வச்சுக்கிட்டுத்தான் நீ இப்ப உத்தியோகம் பாக்கப் போற. மாத்திப்புடுவோம்னு 2008-ல ஒரு மசோதா வந்தது, 2020-ல ஒண்ணு வந்தது. ரெண்டும் பாராளுமன்ற வாசல் வரைக்கும் போயி வெயில் காஞ்சிட்டுத் திரும்புச்சு. நீ பெரியவனா ஆனதும் உன் பங்குக்கு ஒண்ணு எழுது. பேரு நல்லாருக்கணும், அவ்வளவுதான்.

அப்புறம், கம்பெனிக்காரன் வந்தா நாற்காலி போட்டு உக்கார வை. அவன் சரக்கு ஆளைக் கொல்லுமா கொல்லாதாங்கிற ஆராய்ச்சித் தாளை அவனேதான் கொண்டாருவான். அதைப் பாத்துத்தான் நீ பதிவு கொடுக்கணும். எவ்வளவு சௌகரியம் பாத்தியா, நீ தேட வேண்டியதே இல்லை. ஒருத்தன் பதிஞ்சு வாங்கிட்டா, அதே சரக்கை விக்க வர்ற அடுத்தவனுக்கும் அதே நிபந்தனையில கொடுத்துரலாம். அப்படி ஒரு பிரிவே இருக்காம். கொடுத்த பதிவுக்கு முடிவு தேதியும் கிடையாது. நான் உசுரோட இருக்கேன்னு வருஷா வருஷம் பென்சன் ஆபீசுல போயி நின்னு காட்ட வேண்டியிருக்கு. போன வருஷம் இந்த விரல்ல ரேகை விழலைன்னு ஒரு பிள்ளை என்னைச் செத்தவனாக்கப் பாத்துச்சு. ஆனா நம்ம சனத்தைச் சாகடிக்கிற சரக்கு, ஒரு தடவை பதிஞ்சாச்சுன்னா எவன் முன்னாலயும் போயி நிக்க வேண்டாம். ஐரோப்பாவுல பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப நிரூபிக்கச் சொல்லுதானாம். அவனுக்கு வேற சோலி இல்லை போல.

கலர் விஷயம் நீதானே காலேஜ்ல படிக்கிறப்ப எனக்குச் சொல்லிக் கொடுத்தே? பாட்டில்ல ஒரு சதுரத்தைச் சாய்ச்சு வரைஞ்சிருக்கும். கீழ்ப்பாதியில சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு ஏதாவது ஒண்ணு. சிவப்புன்னா மண்டையோடும் உண்டு. எலிக்குக் கொடுத்துப் பாப்பாங்க, பாதி எலி சாக எவ்வளவு வேணும்னு அளப்பாங்க, அதை வச்சுக் கலர்னு சொன்னே. நானும் தலையாட்டிக் கேட்டுக்கிட்டேன். ஆனா அன்னையில இருந்து ஒரு சந்தேகம். அன்னைக்கே செத்த எலிக்குக் கலர் இருக்கு. இருவது வருஷம் மருந்தடிச்சவனுக்கு கை நடுங்குதே, அதுக்கு என்ன கலர்? பிள்ளை குறையோட பிறக்குதே, அதுக்கு? நீ போயி கேட்டுராதே. புது ஆளு கேள்வி கேட்டா பழைய ஆளுகளுக்குப் பிடிக்காது.

காசர்கோட்டுல இதைத்தான் கேட்டாங்க. முந்திரித் தோட்டம். அதுவும் தனியார் இல்லை, கேரளா சர்க்காரோட தோட்டக் கழகம். இருவது வருஷத்துக்கும் மேல ஹெலிகாப்டர்ல எண்டோசல்பானைத் தெளிச்சாங்க, 2000 வரைக்கும். கீழ கிணறு, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கு. மேல பறக்கிறவனுக்கு எல்லாம் பச்சையாத்தான் தெரியும். பிள்ளைக தலை வீங்கி, கை கால் முடங்கிப் பிறந்துச்சு. ஒரு கமிட்டி வந்து சம்பந்தம் இருக்குன்னுச்சு. அடுத்த கமிட்டி வந்து இல்லைன்னுச்சு. தாய்மாருக பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுத் திருவனந்தபுரத்துல போயி உக்காந்தாங்க. சுப்ரீம் கோர்ட்டு 2011 மே மாசம் நிறுத்துன்னுச்சு. மூணு மாசத்துக்குள்ள பாதிக்கப்பட்ட ஆளுக்கு 5 லட்சம் கொடுன்னு அதே கோர்ட்டு சொன்னது 2017-ல. இதுல உனக்கு என்ன பாடம் இருக்குன்னா, கமிட்டி எப்பவும் ஜோடியாப் போடணும். ஒண்ணு மட்டும் போட்டா சில சமயம் உண்மையைச் சொல்லிப்புடும்.

தடை போடச் சொல்லி நெருக்கினாங்கன்னு வச்சுக்கோ. பாதித் தடை போடு. மோனோகுரோட்டோபாஸ் கதை தெரியும்லா? 2005-ல காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு. பருத்திக்கு அடிக்கலாம்னு விட்டுட்டாங்க. நம்ம கரிசல்ல பருத்திக்கு நடுவுல உளுந்தும் பாசிப்பயறும் போடுவோம், வரப்பு ஓரம் வெண்டை, கத்தரி நிக்கும். கடையில பாட்டிலை நீட்டுறப்ப எந்தச் செடிக்குன்னு கேப்பானா? பாட்டிலுக்குத்தான் தெரியுமா? ஆனா உத்தரவு போட்டாச்சு. எவனாவது செத்தா, கூடாதுன்னு சொன்னோமேன்னு சொல்லிக்கிடலாம்.

மருந்தடிக்கிறவனுக்குக் கையுறை, கண்ணாடி, முகமூடி, பூட்ஸ் எல்லாம் போடணும்னு மடிச்சு வச்ச துண்டுத்தாள்ல அச்சடிச்சிருப்பாங்க. எழுத்து எறும்பு முட்டை அளவுக்கும் இருக்காது. நம்ம தெக்குத்தெரு ஆளுக முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மூக்குல துண்டைச் சுத்திக்கிட்டு அடிப்பாங்க. மூடி சரியில்லைன்னா முதுகு வழியா ஒழுகும். குழாய் முனை அடைச்சுக்கிட்டா கழத்தி வாயில வச்சு ஊதுவான். ஊதிட்டுத் துப்பிட்டு திரும்ப அடிப்பான். 2017-ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்தடிச்சவங்க இருவது பேருக்கு மேல செத்தப்பவும், முகமூடி போடலைன்னுதான் சொன்னாங்க. சித்திரை வெயில்ல அந்த முகமூடியை மாட்டிக்கிட்டு நீ ஒரு ஏக்கர் அடிச்சுக் காட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். நீ என் பேரன்.

பீகார் விஷயத்துல மட்டும் எனக்கு வேடிக்கை பேச வரலை. 2013-ல சரண் ஜில்லாவுல ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவு. எண்ணெயில இதே மோனோகுரோட்டோபாஸ். 23 பிள்ளைக.

அதுக்கப்புறமும் பத்து வருஷம் ஓடுச்சுய்யா. 2020-ல 27 மருந்தை ஒட்டுமொத்தமா நிறுத்தப் போறோம்னு வரைவு போட்டாங்க. அதுல இதுவும் உண்டு. ஆட்சேபணை சொல்ல 45 நாள்னாங்க. கம்பெனிக்காரங்க முகம் சுண்டினதும் 90 நாள்னாங்க. அப்புறம் ஒரு கமிட்டி. 2023-ல உத்தரவு வந்தப்ப முழுசாத் தடை ஆனது மூணு. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதத்துக்கு ஒரு வருஷத் தவணை. மத்ததுல சிலதுக்கு இந்தப் பயிருக்கு வேண்டாம், அந்தப் பயிருக்கு வேண்டாம்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. என் காலத்துல புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகத்துறதுக்குக்கூட இத்தனை மரியாதை கிடையாது.

எதுத்தாப்புல கடலுக்கு அந்தாண்டை இருக்கான் இலங்கைக்காரன். 1995-லயே மோனோகுரோட்டோபாஸை நிறுத்திப்புட்டான். மனசு உடைஞ்சு போன நேரத்துல கைக்கு எட்டுற இடத்துல அது மாதிரி விஷமெல்லாம் இல்லாததால, அந்த ஊர்ல தற்கொலைச் சாவு பாதியாக் குறைஞ்சிருக்கு. நெல்லு விளைச்சல் குறைஞ்சதான்னு கணக்குப் பாத்தாங்க, குறையலை. இங்க நம்ம தமிழ்நாட்டு அரசும் அதே நோக்கத்துல ஆறு மருந்தைக் கொஞ்ச வருஷத்துக்கு முந்தி நிறுத்தி வச்சது. எத்தனை நாளைக்கு? 60 நாளைக்கு. மாநிலத்துக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் அம்புட்டுத்தான். மிஞ்சிப்போனா இன்னும் ஒரு மாசம் நீட்டிக்கலாம். கடைக்காரன் சரக்கை உள்ள அடுக்கி வச்சுட்டு, காலண்டர்ல தேதியை எண்ணிக்கிட்டு இருந்தான். நிரந்தரமா நிறுத்துற பேனா டில்லிக்காரங்க சட்டைப் பையில இருக்கு. அதுல இனிமே உன் விரலும் கொஞ்சம் படும்.

யாராவது போலி மருந்து வித்து மாட்டினா, அபராதத்தைப் பாத்துப் பயந்துராதே. முதல் தப்புக்கு 10,000-ல இருந்து 50,000 ரூபாய் வரைக்கும். ரெண்டு வருஷம் வரை ஜெயிலும் உண்டு, எழுத்துல. கம்பெனிக்காரன் டீலர் கூட்டத்துக்குப் பிரியாணி போடுறதே அதுக்கு மேல ஆவும்.

இதையெல்லாம் கேட்டு நடந்தேன்னா நாப்பது வயசுக்குள்ள ஏசி ரூம், சுழல் நாற்காலி, வெளிநாட்டு மாநாடு. நீ கேக்க மாட்டே. எனக்குத் தெரியும், உன் மூக்கு உங்க அப்பன் மூக்கு. கேக்கலைன்னா ஒரு காகிதம் எடுத்துக்கோ. பதிவுக்குப் பத்து வருஷ ஆயுசுன்னு எழுது. கொல்லாதுன்னு காட்டுற பொறுப்பு விக்கிறவனுக்கு, ஆனா சோதனை அவன் கையில இல்லைன்னு எழுது. தெளிச்சவன் ரத்தத்தை வருஷம் ஒருதரம் பாக்கணும், செலவு கம்பெனிக்குன்னு எழுது. சிவப்புக் கட்டம் போட்டதை கிராமத்து உரக்கடைக்கு அனுப்பவே கூடாது, மாநிலம் வேண்டாம்னா வேண்டாம்தான்னும் எழுதி, கையெழுத்துப் போட்டு மேல அனுப்பு.

மறு மாசமே உன்னை மாத்திப்புடுவாங்க. திருச்சியில உங்க டிபார்ட்மெண்டுக்கு ஒரு ஆபீஸ் இருக்காம், தண்டனைன்னு நினைச்சுக்கிட்டு அங்க போடுவாங்க. சிரிச்சுராம, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டே ஆர்டரை வாங்கு. திருச்சியில ராத்திரி ரயில் ஏறினா விடியுமுன்ன கோவில்பட்டி. ஐப்பசியில பருத்தி ஊனணும், எனக்கு ஆள் தோது இல்லை.