போன தீபாவளிக்கே வந்திருக்கணும் சார்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பைக் தெற்கே போகிறது. ஹெல்மெட்டுக்குள் கணவன் இ.எம்.ஐ. கணக்குப் போடுகிறான், பின்சீட்டில் மனைவி கூகுள் மேப்பைப் பார்த்து வழி சொல்கிறாள். கோவிலுக்கோ சினிமாவுக்கோ போகிறவர்கள் அல்ல. வீடு பார்க்கும் ஜோடி.

கல்யாணமான புதிதில் இவர்கள் குரோம்பேட்டையைத் தாண்ட மாட்டோம் என்றிருந்தவர்கள். விலையைக் கேட்டபிறகு தாம்பரம் வந்தார்கள். அப்புறம் பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. சம்பளம் ஏறுவதற்குள் மனை விலை ஒரு ஸ்டேஷன் முன்னால் போய்விடும். இப்போது சிங்கப்பெருமாள் கோவிலில் நிற்கிறார்கள். எங்கே போனாலும் புரோக்கர், "போன தீபாவளிக்கு வந்திருந்தீங்கன்னா முடிச்சுக் குடுத்திருப்பேன் சார்" என்கிறார். போன தீபாவளிக்கும் அதைத்தான் சொன்னார்.

ஆரம்பத்தில் ஒரு கொள்கை இருந்தது: அவனுக்கு வேலை சிறுசேரி சிப்காட்டில், அவளுக்குக் கிண்டியில், இருவருக்கும் சமதூரத்தில் வீடு. வரைபடத்தில் கோடு போட்டுப் பாதியில் புள்ளி வைத்தார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கமாய்ப் போய் விழுந்தது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். பூநாரைகள் வந்து தங்கும், வாடகையும் கிடையாது. சமதூரம் அன்றோடு சரி.

அடுத்தது வெள்ளம். எந்த ஊரில் இறங்கினாலும் டீக்கடையில் முதல் கேள்வி, "அண்ணே, 2015-ல இங்க தண்ணி வந்துச்சா?" முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த டிசம்பரில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் டீக்கடைக்காரரின் மைத்துனரும் புரோக்கராகத்தான் இருப்பார். "இந்தத் தெருவுக்கு வரலப்பா, அடுத்த தெருவுக்குத்தான் வந்துச்சு" என்பார். அடுத்த தெருவில் கேட்டால் இந்தத் தெருவைக் காட்டுவார்கள். செங்கல்பட்டுக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். தண்ணீர் எந்தத் தெருவுக்கும் வரவில்லை என்றால் எப்படி?

இதற்குள் கணவன் பாதி வக்கீலாகிவிட்டான். பட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம் எல்லாம் அத்துப்படி. சூப்பர் பில்ட்-அப் ஏரியாவில் லிஃப்டும் மாடிப்படியும் சேர்ந்திருக்கும் என்று தெரிந்த நாள் முதல் கார்பெட் ஏரியாவை மட்டுமே கேட்கிறான். முப்பது லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2,70,000 என்று தூக்கத்தில்கூடச் சொல்வான். அந்த முப்பது லட்சம்தான் கையில் இல்லை.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபிறகு எல்லா மனையும் அங்கிருந்து 'பதினைந்து நிமிடம்' ஆகிவிட்டது. எந்த வாகனத்தில் என்று விளம்பரம் சொல்வதில்லை. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிக்க அரசு ஆணையிட்டது. சென்னையை விட்டு ஓட ஓட, சென்னையே துரத்திக்கொண்டு வருகிறது. விலையும் கூடவே வருகிறது.

ஒரு ஞாயிறு மனம் வெறுத்து மாமல்லபுரம் வரை போய்விட்டார்கள். கடல் தெரிகிற மனை! கடலோர ஒழுங்குமுறை விதி இருக்கிறதே என்றான் கணவன். தொல்லியல் சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றாள் மனைவி. அவளும் தேறிவிட்டாள். ரயில் நிலையம் எங்கே என்று கேட்டதற்கு, மனையைக் காட்டியவர் செங்கல்பட்டுத் திசையில் கை நீட்டினார். முப்பது கிலோமீட்டர் இருக்கும். வந்ததற்கு ஐந்து ரதங்களைப் பார்த்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. "பொசஷன் எப்போன்னு கேளுங்க" என்றாள். அன்றைக்கு உருப்படியாக நடந்தது, இருவரும் சேர்ந்து சிரித்தது ஒன்றுதான்.

இரவு திண்டிவனத்திலிருந்து அம்மா போன் செய்தார். சிங்கப்பெருமாள் கோவிலும் கட்டுப்படியாகாது போலிருக்கிறது, அடுத்த வாரம் மதுராந்தகம் பக்கம் பார்க்கிறோம் என்றான் மகன்.

"பாருடா, பாரு. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே தேடிக்கிட்டு வந்தீன்னா நம்ம வீட்டு வாசலுக்கே வந்துருவ. மாடி சும்மாதான் கிடக்கு."