கொய்யா வைத்திருக்கலாம்

பழம் தின்ன ஆசைப்படுகிறவர்கள் பழக்கடைக்குப் போவார்கள். மரம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கொய்யாவோ முருங்கையோ வைப்பார்கள். தெருவில் யார் வீட்டிலும் இல்லாத மரம் தன் வீட்டில்தான் நிற்க வேண்டும் என்று அலைகிறவர்கள் மூன்றாவது ரகம். அவர்களுக்குப் பழமும் கிடைக்காது, தெருவில் மரியாதையும் கிடைக்காது. நான் மூன்றாவது ரகம், தாம்பரம் கிளை.

எல்லாம் குன்னூரில் ஆரம்பித்தது. மழைக்காலத்தில் அங்கே போனவன் டீத்தூளும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு மலை இறங்கியிருக்க வேண்டும். வழியில் ஒரு கூடைக்காரம்மா பெர்சிமன் விற்றுக்கொண்டிருந்தார். தக்காளி அளவு, ஆரஞ்சு நிறம், காம்படியில் நாலு இதழ். அழகைப் பார்த்ததும் துடைத்துக்கூடப் பார்க்காமல் கடித்துவிட்டேன். அடுத்த கால் மணி நேரம் என் நாக்கு என்னிடம் இல்லை. அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "நல்லா கொழகொழன்னு ஆனப்புறம் தின்னணும் சார், வாழப்பழத்தோட மூடி வைங்க" என்றார். ஜப்பான், சீனாவில் கெட்டியாகவே கடிக்கிற ஃபுயூ மாதிரி ரகங்களும் உண்டாம். எனக்கு வாய்த்தது மற்றது.

பெர்சிமன் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. நம்மூர்க் கருங்காலியும் பனிச்சையும் அதற்குப் பங்காளிகள். பனிச்சங்காய்ச் சாற்றில்தான் நம் மீனவர்கள் அந்தக் காலத்தில் வலைக்குச் சாயமேற்றினார்கள். வலையை இறுக்கிய அதே துவர்ப்புத்தான் அன்றைக்கு என் வாயையும் இறுக்கியது. என் மனைவி மட்டும், "இன்னும் ரெண்டு வாங்கிக்கோங்களேன், வீட்டுல வெச்சுக்கலாம்" என்றாள். நான் பேசாமல் வந்த பயணம் அது ஒன்றுதான்.

வாழைப்பழத்தோடு மூடி வைத்தது சில நாளில் கனிந்தது. கரண்டியால் எடுத்து வாயில் போட்டேன். தேன்! அந்த ஒரு கரண்டியில் புத்தி போய்விட்டது. ஒட்டுச்செடி தேடி அலைந்தேன். ஒரு நர்சரியில் கிடைத்தது. கொய்யா ஒட்டு என்ன விலையோ அதைப்போல் பல மடங்கு. "தாம்பரத்துல காய்க்குமா?" என்று கேட்டேன். "நல்லா வளரும் சார்" என்றார் கடைக்காரர். கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்ததைக் காசு கொடுத்த பிறகுதான் கவனித்தேன்.

பெர்சிமன் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும் மரம். 7 டிகிரிக்குக் கீழே 100, 200 மணி நேரமாவது குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காக விழித்துப் பூக்கும். மார்கழி விடியலில் 20 டிகிரி வந்தாலே மப்ளரைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் எங்கள் ஊர். ஆனால் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே! தினமும் ராத்திரி ஐஸ் கட்டிகளைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன். ஒரு நாள் விருந்தாளிகளுக்கு எலுமிச்சை ஜூஸ் கலக்கும்போது மனைவி ஐஸ் ட்ரேயைத் திறந்து பார்த்துவிட்டுக் கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஐஸ் இல்லீங்க, செடி குடிச்சிடுச்சு." குளிர வேண்டியது கிளையில் இருக்கிற மொட்டு, வேர் இல்லை என்பதைப் பின்னால் படித்தேன். செடிக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் செடி வளர்ந்தது. தளதளவென்று இலை விட்டது. வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். அப்படித்தான் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனைவியின் மாமாவையும் இழுத்துப்போனேன். அவர் வேட்டியை மடித்துக் குந்தி உட்கார்ந்தார். தண்டின் அடியில் விரலை வைத்தார். ஒட்டுக் கட்டிய இடத்தைத் தடவினார். நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ளே, ஒட்டுக்கு மேல இருந்தது எப்பவோ காஞ்சு போச்சு. இது கீழேருந்து வந்த துளிர். நீங்க வளர்க்கிறது அடிக்கட்டைய."

மாமியார் வீட்டில் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இந்தச் சோகத்தில் ஆறுதலுக்கு வைத்ததுதான் முசுக்கொட்டை. மல்பெரி என்றால் கடையில் விலை ஏறும், முசுக்கொட்டை என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தருமபுரிப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கிற ஒருவரிடம் குச்சி கேட்டேன். "பழத்துக்கா? நாங்க இலைக்குத்தானுங்க வெக்கிறோம். பழத்தப் புள்ளைங்க தின்னும்" என்று ஒரு கட்டுக் குச்சியைச் சும்மாவே கொடுத்தார். பட்டுக்காரர்கள் அதிகம் வைக்கிற வி-1 என்ற ரகம் இலைக்காகவே உருவாக்கியது. அதைத்தான் நான் பழத்துக்கு நட்டிருக்கிறேன் என்பது மரம் கூரையைத் தாண்டிய பிறகு தெரிந்தது. இலை! அப்படி ஓர் இலை! புழு மட்டும்தான் இல்லை.

கிளையை வெட்டி, இருக்கிற இலையையெல்லாம் உருவிவிட்டால் புதுத் துளிரோடு பழமும் வரும் என்றார்கள். ஏணி போட்டு ஏறி மரத்தை மொட்டையடித்தேன். பக்கத்து வீட்டு வாத்தியார் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், வேண்டுதலா?" என்றார். உருவிய இலையை ஆட்டுக்காரம்மா மூட்டை கட்டிக்கொண்டு போனார். மறுபடி எப்போது வெட்டுவீர்கள் என்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து விசாரிக்கிறார். என் தோட்டக்கலையில் இன்றுவரை லாபம் பார்த்த ஒரே ஜீவன் அவருடைய ஆடு.

பழம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பச்சை, சிவப்பு, அப்புறம் கறுப்பு. கறுக்கிற அன்றைக்குத்தான் இனிப்பு. அந்த நாள் எது என்று எனக்கு முன்னால் குயிலுக்கும் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் தெரிந்துவிடுகிறது. விடியற்காலை நான் டம்ளரோடு போவதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்துவிடுகிறார்கள். வலை கட்டினேன். அணிலுக்கு வழி கிடைத்தது, எனக்குத்தான் வெளியே வர வழி கிடைக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள், முதலில் ஃபோட்டோ எடுத்தாள்.

தின்ற பறவைகள் எங்கே போய் உட்காருகின்றன என்பதுதான் அடுத்த பிரச்சினை. எதிர் வீட்டு மொட்டை மாடிக் கொடியில். அவர்கள் வீட்டு அண்ணன் வெள்ளை வேட்டி தவிர வேறு கட்டாதவர். முசுக்கொட்டைக் கறை ஊதா நிறம்; லேசில் போகாது. பழுக்காத காயைத் தேய்த்தால் கறை போகும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு கை காயோடு போனேன். அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு பை நிறையக் கொய்யாப் பழம் கொடுத்தனுப்பினார். "உங்க வீட்டுலதான் பழமே கிடையாதே தம்பி!"

அந்த அடிக்கட்டை இன்னும் தளதளவென்றுதான் நிற்கிறது, பிடுங்க மனசு வரவில்லை. முசுக்கொட்டைக் குச்சி வேண்டும் என்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பென்சில் பருமனில், மூன்று நான்கு கணு இருக்கிற மாதிரி வெட்டித் தருகிறேன். பாதியை ஈர மண்ணுக்குள் செருகுங்கள், நிழலில் வையுங்கள், பிழைத்துக்கொள்ளும். காசு வேண்டாம். வெள்ளை வேட்டியில் மட்டும் வராதீர்கள்.