டிஷர்ட்டுக்கு நாலு திருத்தம்

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பத்மன் என்ற இரண்டு நாக அரசர்கள் மோதிக்கொண்ட கதை சங்கரன்கோவில் தலபுராணத்தில் உண்டு. கோமதி அம்மன் தவமிருந்த பிறகு ஒரே உருவில் பாதி சிவன், பாதி திருமால். இரு தரப்பையும் தள்ளாமல் இணைத்த அபூர்வத் தீர்ப்பு.

கணினியில் பலர் எழுதும் நிரலை இப்படி இணைக்கும் வேலைக்கு 'கிட்' இருக்கிறது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. இரண்டு பேரின் வரிகள் மோதினால் காட்டிக்கொடுத்துவிடும். ஆட்களே மோதிக்கொண்டால் யாராவது தவமிருக்க வேண்டியதுதான்.

நாலு நண்பர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு செயலி தொடங்கினால் முதல் வாரம் பெயர் வைப்பதில் போகும், அடுத்த வாரம் லோகோவில். நிரல் எழுத ஒருவர் வருவார். திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் தன் பெயரைச் சேர்க்கப் பலர் வருவார்கள். மொய் நோட்டு மாதிரிதான், மொய் மட்டும் இருக்காது.

மிகையில்லை. திறமூலத் திட்டங்களுக்கு அக்டோபரில் நான்கு திருத்தம் அனுப்பினால் டிஷர்ட் என்றது டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தின் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு. 2020இல் 'அருமையான திட்டம்' என்று மட்டும் ஒட்டிய திருத்தங்கள் வந்து குவிந்தன. பராமரிப்பாளர்கள் கொதித்தார்கள். விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அதே மாதம் விதி மாறியது. 2023இல் டிஷர்ட்டே நின்றுபோனது. அந்த ஆண்டு டிஜிட்டல் பேட்ஜ்தான் கிடைத்தது.