கோடு போட்ட டி.சி.

என் டி.சி.யில் சாதி என்ற இடத்தில் ஒரு கோடு இருக்கும். பேனாவை அழுத்திய அழுத்தலில் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கும். போட வைத்தவர் அப்பா. சாதி சொல்ல விரும்பாதவர்கள் சொல்லாமல் விடலாம் என்ற 1973-ஆம் ஆண்டு அரசாணையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த மனிதர். கோட்டின் பலனாகக் கல்லூரியில் நான் ஓ.சி. பெயர்தான் ஓ.சி.; ஓசியில் ஒரு பென்சில்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது மகள் பிளஸ் டூ முடித்து, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தாள். "எனக்கும் கோடு போட்டுடலாம்ப்பா" என்றாள். திண்ணையிலிருந்து அப்பா எழுந்து வந்துவிட்டார். 1951-இல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைத் தள்ளியபோது அரசமைப்பையே திருத்த வைத்த மாநிலம் இது, 69 விழுக்காட்டை விட்டுக்கொடுக்க உனக்கு என்ன உரிமை என்று ஒரு பொதுக்கூட்டம். "சாதி ஒழியணும். அதுவரைக்கும் சர்டிபிகேட் வேணும்."

சரி என்று இ-சேவைக்குப் போனேன். தகப்பனார் சாதிச் சான்று எங்கே என்றார்கள். கோட்டைக் காட்டினேன். வி.ஏ.ஓ.விடம் அனுப்பினார்கள். குறுவை உழவு நேரம். அவரை வாய்க்கால் கரையில்தான் பிடிக்க முடிந்தது. "உங்க அப்பாவோட ரெக்கார்டு ஷீட் இருக்கா சார்?"

நெல் குதிருக்குப் பின்னால் கிடந்த டிரங்குப் பெட்டியில் இருந்தது. பிரித்தால், பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, அங்க அடையாளமாக இடது முழங்காலில் மச்சம்கூட இருக்கிறது. சாதி இருந்த இடத்தை மட்டும் கரையான் தின்றிருந்தது. அப்பாவைவிடத் தீவிரமான கரையான்.

கடைசியில் வி.ஏ.ஓ. நேரில் விசாரிக்க வந்தார். டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்; தாத்தாவுக்குத் தாத்தா வரைக்கும் சொன்னார்கள். ஊரில் அது தெரியாமல் இருந்தது என் டி.சி.க்கு மட்டும்தான்.

சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்த அன்று ராத்திரி, நியூ ஜெர்சியிலிருந்து தம்பி மகன் பேசினான். அவனுக்கும் கல்லூரி விண்ணப்பம். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்த ஊர் உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டதாம். ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று கட்டுரையில் எழுதினால் படிப்பார்களாம்.

"தாத்தா, நாம யாருன்னு எழுதறது?"

அப்பா கையிலிருந்த சான்றிதழை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு கோடு போட்டுடுப்பா."