மிசினு பேசும் கண்ணு, ஓடறது யாரு?

ஏங்கண்ணு, அந்த டை கட்டுன தம்பி குடுத்துட்டுப் போன கொட்டேசனை நானும் கண்ணாடி போட்டுப் படிச்சேன். கோழி ஷெட்டுல 40 சென்சாரு, லாரிக்கொரு பெட்டி, தீவன சைலோவுக்கு ஒண்ணு, ஜெனரேட்டருக்கு ஒண்ணு, எல்லாத்துலயும் சிம்மு. "இனிமே ஆளே வேண்டியதில்லீங்கய்யா, மிசினும் மிசினும் தங்களுக்குள்ளயே பேசிக்கும்"னு ஒரே சிரிப்பு. சந்தோசம். நம்ம ஊட்டுல அண்ணந்தம்பி பேசி எத்தனையோ வருசமாச்சு, மிசினாவது பேசட்டும்.

கெழவன் வேண்டாம்னு சொல்லுவான்னுதானே மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறே? சொல்லமாட்டேன். கெணத்து மோட்டார் ஸ்டார்ட்டர்ல மொதல்ல சிம்மைப் போட்டது நாந்தான். நீ அப்பக் காலேஜுக்குப் போறேன்னு சினிமாவுக்குப் போயிட்டிருந்தே. மூணு பேஸ் கரண்டு நடுராத்திரில வரும். டார்ச்சும் தடியுமா வரப்புல பாம்புக்கு வழி விட்டுட்டுப் போயி சுவிச்சைப் போடோணும். இப்பக் கட்டில்ல படுத்துட்டே ஒரு மிஸ்டு கால், மோட்டார் ஓடுது. ஒரு பேஸ் போனாலும் கெணத்துல தண்ணி வத்துனாலும் அதுவே நின்னுட்டு எனக்குத் தகவல் சொல்லுது. சர்க்காரே இதுக்கு மானியம் குடுக்குது.

உலகத்துக்கும் இது புதுசில்ல. கிரேக்கத்துல பொறந்த தியடோர் பராஸ்கெவாகோஸ்ங்கறவரு அமெரிக்காவுல 1977லயே கம்பெனி தொறந்து, மீட்டர் தானாவே டெலிபோன் லைன்ல கணக்குச் சொல்றதுக்கு வழி பண்ணிட்டாரு. கம்பியில்லாமப் பேசறதுக்கு சீமென்ஸ்காரன் 1995ல மிசினுக்குன்னே ஒரு ஜி.எஸ்.எம். மாடுலைக் கொண்டாந்தான். நம்ம நாட்டுல 2018 ஜூலைலிருந்து மிசினு சிம்முக்கு 13 இலக்க நம்பர். உனக்கும் எனக்கும் பத்துதான். மருவாதி யாருக்குன்னு நீயே பாத்துக்க.

எனக்கிருக்கறது ஒரே சந்தேகம். மிசினு கூப்புட்டா எந்திரிச்சு ஓடறது யாரு? பதினாறு பக்கக் கொட்டேசன்ல அதை மட்டும் காணோம்.

நம்முளுது மூடுன ஷெட்டு. இந்தக் கோடில கூலிங் பேடு, அந்தக் கோடில பெரிய பெரிய பேன். சித்திரை வெயில்ல கரண்டு போயி ஜெனரேட்டரும் எடுக்கலீன்னா, நீ பேக்கரில டீயும் பப்சும் முடிக்கறதுக்குள்ள கோழிகளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுரும். இன்னுங் கொஞ்சம் தாமசம் பண்ணுனா ஜே.சி.பி.யக் கூப்புட்டுக் குழி வெட்ட வேண்டீதுதான். அதனால அந்த ஒரு அலாரத்துக்கு என்ன கேட்டாலும் குடு. ஆனா பெட்டிக்குக் கரண்டு எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். "அதே லைன்லதானுங்கய்யா"ன்னாப்ள. கரண்டு போச்சுன்னு சொல்ல வேண்டிய பெட்டி கரண்டு போனதும் செத்துப் போகுமாம்! தனியா பேட்டரி வையி தம்பின்னேன். என்னமோ வேதம் சொல்லிட்ட மாதிரி எழுதிக்கிட்டாப்ள.

இன்னொண்ணு. பெட்டி கம்முனு கெடக்குதுன்னா ஷெட்டு நல்லா இருக்குதுன்னு அர்த்தமா, பெட்டியே போச்சுன்னு அர்த்தமா? அஞ்சு நிமிசத்துக்கொருக்கா அது "இருக்கறேன்"னு சொல்லோணும். சொல்லலீன்னா அந்தப் பக்கத்து சர்வரு கூப்பாடு போடோணும். வாட்சப்புல மெசேஜு வருமாம். உங்கம்மா அனுப்பற குட்மார்னிங்கையே நீ மூணு நாளாத் தொறக்கல. கோழி சாகற சேதிய மட்டும் தொறந்துருவயா? மணியடிக்கோணும் சாமி, எடுக்கற வரைக்கும் அடிக்கோணும். மொத ஆள் எடுக்கலீன்னா அடுத்த ஆளுக்குப் போகோணும்.

அப்புறம், 40 சென்சாருக்கு 40 சிம்மு எதுக்கு? லோரான்னு ஒரு ரேடியோ முறை இருக்குது, அதைப் பத்தி அந்தத் தம்பி வாயே தொறக்கல. 865லிருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் நம்ம நாட்டுல லைசென்சு வாங்க வேண்டீதில்ல. தோட்டத்து வெட்டவெளில கிலோமீட்டர் கணக்குல எட்டும். சின்ன பேட்டரியே வருசக்கணக்குல தாங்கும். ஆனா கொஞ்சூண்டு சேதிதான் போகும், படமெல்லாம் அனுப்ப முடியாது. ஷெட்டு சூடு 34ன்னு சொல்றதுக்கு எத்தனை பேச்சு வேணும்? எல்லாச் சென்சாரு சேதியும் வாங்கி அனுப்ப மோட்டார் ரூம் மேல ஒரு கேட்வே, அதுக்கு ஒரு சிம்மு, தீந்தது சோலி. பெட்டி விக்கறவன் பொழைக்கறது பெட்டில இல்ல கண்ணு, மாசாமாசம் வாங்கற வாடகைல.

லாரிக்கு வருவோம். 2021 பிப்ரவரில கட்டாயமாக்குன பாஸ்டேக்கைப் பாரு. கண்ணாடில ஒட்டுன அந்தத் துண்டுல பேட்டரியே கெடையாது. டோல்கேட்டு ரீடர் அனுப்பற அலைலயே உசுரு வாங்கித் தன் நம்பரைச் சொல்லிட்டு மறுபடி படுத்துக்குது. கேட்டதுக்கு மட்டும் பதில். நம்ம சொந்தத்துல அப்படியொரு ஆளைக் காட்டு பாக்கலாம்.

ஜி.பி.எஸ். பெட்டி வேண்டீதுதான். முட்டை லோடு வாளையார் தாண்டிருச்சான்னு பாலக்காட்டு வியாபாரி கேட்டா பதில் சொல்லலாம், வண்டி காணாமப் போனாத் தேடலாம். ஆனா உன்ற யோசனை எனக்குத் தெரியாதா? நாள் முச்சூடும் போனை மொறச்சுப் பாத்துட்டு, "அண்ணா, டீக்கடைல பதினெட்டு நிமிசம் என்ன சோலி?"ன்னு டிரைவரைக் கேப்பே. டேங்குல டீசல் சென்சாரு வேற. தொப்பூர் கணவாய்ல ஏறி எறங்கறப்ப டேங்குல டீசல் ஒரு பக்கமாச் சாயும், கணக்கு கொறஞ்சு காட்டும். நீ உடனே திருடன்னு சொல்லுவே. அந்த மனுசன் சாவிய வண்டிலயே வெச்சுட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சு ஊட்டுக்கு வந்துருவாரு. அப்புறம் பெட்டி மட்டும் லாரி எங்க நிக்குதுன்னு துல்லியமாச் சொல்லிட்டே இருக்கும்.

சிம்மைப் பூட்டி வைக்கவும் சொல்லிப் போடு. ஜோகன்னஸ்பர்க்குல சிக்னல் வெளக்குக்கெல்லாம் சிம்மு போட்டிருந்தாங்க, கெட்டுப் போனா தானாவே ஆபீசுக்குச் சொல்லும்னு. 2011ல என்னாச்சு தெரியுமா? திருட்டுப் பயலுக சிம்மைக் கழட்டிட்டுப் போயி ஊரெல்லாம் பேசித் தள்ளிட்டானுக. 400 வெளக்குப் பக்கம் நின்னு போச்சு, போன் பில்லு மட்டும் ஆபீசுக்கு வந்துச்சு. பூராக் கதையும் கேட்டப்ப எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல. நம்ம சிம்முல டேட்டா மட்டும் போகோணும், பேச்சு போகக்கூடாது. வேற போன்ல போட்டா வேலையே செய்யக்கூடாது. சிம்மு கம்பெனில கேட்டாப் பண்ணிக் குடுப்பாங்க.

பெட்டி எந்த ஜி.ன்னும் கேளு. சான்பிரான்சிஸ்கோவுல 2017 பொறந்ததும் ஏ.டி. அண்டு டி. 2ஜிய நிறுத்திப் போட, பஸ்ஸு எப்ப வரும்னு சொல்ற போர்டெல்லாம் முழிச்சுட்டு நின்னுச்சு. பஸ்ஸு ஓடுது, போர்டுக்குத்தான் சேதி வல்ல. நம்மூர்லயும் ஜியோவுக்கு 2ஜியே கெடையாது. சல்லிசாக் கெடைக்குதேன்னு பழைய சரக்கைத் தலைல கட்டிருவாங்க.

கேமராவும் வேணும்னயே, அதுக்கொரு வார்த்தை. 2016ல மிராய்னு ஒரு வைரஸு, கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாத்தாம வெச்சிருந்த கேமரா, ரவுட்டர் எல்லாத்தையும் வளைச்சுப் போட்டு, அமெரிக்காவுல டுவிட்டரு, நெட்பிளிக்ஸு எல்லாத்தையும் ஒரு நாள் தவிக்க விட்டுருச்சு. நம்ம ஊட்டு வைபை பாஸ்வேர்டு உன்ற பொறந்த நாளுன்னு பால்காரனுக்கே தெரியும்.

சரி, கையெழுத்துப் போடறேன். ஷெட்டு அலாரம், ஜெனரேட்டரு, சைலோ, லாரி ஜி.பி.எஸ். அவ்வளவுதான். டீசல் சென்சாரை அடிச்சுரு, டி.வி. அளவுக்கு டாஷ்போர்டு மாட்டறேன்னானே அதையும் அடிச்சுரு. என்ற கட்டிலுக்கு எதுக்கால கேமரா வைக்கறதுன்னு ஒரு வரி இருக்குது, அது யாரோட யோசனைன்னு எனக்குத் தெரியும். அலாரத்துக்கு மொத நம்பர் உன்றது. ரெண்டாவது சூப்பர்வைசரோடது. மூணாவது என்றதைப் போடாதே, எனக்குக் காது கேக்காது. உன்ற பொண்டாட்டி நம்பரைப் போடு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த அம்மிணி எழுந்திரிச்சா நீ ஷெட்டுக்கு ஓடித்தான் ஆகோணும்.